முளைவிட்ட தானியமும் முற்றத்துக் கோழியும்

கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.

போன வாரம் ஒரு மாணவி போன் செய்தாள். 1994-இல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவள். மயிலம் பக்கம் வாழ்க்கைப்பட்டு, இப்போது வீட்டுத் தோட்டத்தில் நாற்பது நாட்டுக்கோழி வளர்க்கிறாள்.

"டீச்சர், வீட்டுக்குள்ளயே தட்டுல தீவனம் வளக்குற மெஷின் ஒண்ணு வந்திருக்கு. ஒரு கிலோ மக்காச்சோளம் போட்டா ஏழு நாள்ல ஆறு கிலோ ஆகுதாம். தீவனச் செலவே இருக்காதுன்னு சொல்றாங்க. குழுவுல ஒரு லட்சம் கடன் தராங்க. எடுக்கட்டுமா டீச்சர்?"

"ஒரு வாரம் பொறும்மா, கணக்குப் போட்டுச் சொல்றேன்" என்றேன். அவளுக்கு மட்டும் சொல்ல நினைத்ததுதான். இதே கேள்வியை என் தங்கை மகனும் தீபாவளிக்கு வந்தபோது கேட்டான். அதனால் எல்லோருக்குமாக எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. இந்த முளைத் தீவனத்தால் நானே ஏழு கோழிகளைச் சாகடித்திருக்கிறேன். அதை மறைத்துவிட்டு உபதேசம் செய்யக்கூடாது அல்லவா?

முதலில் ஒன்று. வீட்டுக்குள் தானியத்தை முளைக்க வைப்பது நமக்குப் புதிதில்லை. கல்யாண வீட்டில் பாலிகை பார்த்திருப்பீர்கள். மண்கிண்ணத்தில் நவதானியம் தூவி, சுமங்கலிகள் பால் கலந்த நீர் தெளித்து, முளைத்ததும் ஏரியிலோ ஆற்றிலோ விடுவார்கள். மதுரை, ராமநாதபுரம் பக்கம் முளைப்பாரி. வெளிச்சம் படாத அறைக்குள் வளர்த்து, அம்மன் திருவிழாவில் தலையில் சுமந்து போவார்கள். விதைப்புக்கு முன்னால் விதையின் முளைப்புத் திறனைப் பார்க்கும் வழியாகவும் அது இருந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். மண் கொஞ்சம், நீர் கொஞ்சம், இருட்டறை, சில நாள். இன்றைய மெஷின் செய்வதும் இதைத்தான்.

வீட்டுக் கோழியும் நமக்கு அவ்வளவு பழையது. பட்டினப்பாலையில் ஒரு காட்சி வரும். காயவைத்த தானியத்தைத் தின்ன வந்த கோழியை விரட்ட, காவிரிப்பூம்பட்டினத்துப் பெண்கள் காதில் கிடந்த கனத்த குழையைக் கழற்றி எறிவார்கள். பாடம் நடத்தும்போது பிள்ளைகள் நகையைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். நான் கோழியைப் பார்ப்பேன். 2,000 வருடத்துக்கு முன்னாலும் கோழி தன் தீனியைத் தானே தேடித்தான் தின்றிருக்கிறது!

திண்டிவனத்தில் எங்கள் ஆயா வீட்டிலும் அப்படித்தான். கோழிக்கென்று தீவனம் வாங்கியதே கிடையாது. காலையில் பஞ்சாரத்தைத் தூக்கினால் கோழிகள் குப்பைமேட்டுக்கு ஓடும். குருணை, தவிடு, புடைத்த கம்பில் விழுந்த பதர் கிடைக்கும். குஞ்சு பொரித்திருந்தால் ஆயா ஒரு பழைய பானையில் வைக்கோலும் காய்ந்த சாணியும் போட்டு நீர் தெளித்துக் கரையான் இருக்கும் இடத்தில் கவிழ்த்து வைப்பார். மறுநாள் காலையில் பானை நிறையக் கரையான்! குஞ்சுகளுக்கு அதைவிட நல்ல சாப்பாடு ஏது?

சித்திரை, வைகாசியில் பச்சை எல்லாம் கருகிவிடும். அப்போது ஒரு பிடி கம்பையோ கேழ்வரகையோ ஊறவைத்து, ஈரக் கோணியில் பரப்பி, மூடி வைப்பார். மூன்றாம் நாள் வெள்ளையாய் முளை நீளும். அதை எடுத்து மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பார். வாடை சரியில்லை என்றால் நேரே எருக்குழிக்குப் போய்விடும். கோழிக்குக்கூடக் கிடையாது. அந்த முகர்தலுக்கு அப்போது எனக்கு அர்த்தம் தெரியவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

இதே வேலையைக் குளிர் நாட்டுக்காரர்களும் செய்தார்கள். சுமார் 100 வருடத்துக்கு முன் அமெரிக்காவிலும் கனடாவிலும் பனிக்காலம் வந்தால் கோழிகள் மாதக் கணக்கில் கொட்டகைக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். புல் இல்லை, பூச்சி இல்லை, முட்டை குறையும். அதனால் ஓட்ஸ் தானியத்தை முளைக்க வைத்துப் பச்சைத் தீவனமாகக் கொடுத்தார்கள். அதற்கென்றே அடுக்குத் தட்டு வைத்த பெட்டிகள் விற்றன. அடியில் மண்ணெண்ணெய் விளக்கு வைத்துச் சூடேற்றும் பெட்டிகள்கூட உண்டு. கோழி இதழ்களில் விளம்பரம் வந்தது. இன்று யூடியூப்பில் வருகிற மாதிரிதான்.

பச்சை தின்றால் கோழி ஏன் தெளிகிறது என்று அப்போது யாருக்கும் சரியாகத் தெரியாது. விடை கிடைக்க உதவியதும் கோழிதான். 1890 வாக்கில் ஜாவா தீவில் எய்க்மான் என்ற டச்சு மருத்துவர், ஆய்வுக்கு வளர்த்த கோழிகள் கால் விளங்காமல் விழுவதைக் கண்டார். ஆஸ்பத்திரிச் சமையலறையில் மிஞ்சிய தீட்டிய வெள்ளைச் சோறு அவற்றுக்குத் தீனியாகியிருந்தது. தீட்டாத அரிசிக்கு மாற்றியதும் எழுந்து நடந்தன. தவிட்டோடு ஏதோ ஒன்று போய்விடுகிறது என்பது அங்கிருந்துதான் தெரியவந்தது. அந்த 'ஏதோ ஒன்று' பின்னால் வைட்டமின் என்று பெயர் பெற்றது. 1929-இல் எய்க்மானுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அரிசியில் சத்தை இழந்த கோழி சொன்ன பாடம் அது.

முளைவிட்ட பயறுக்கும் ஒரு பெருமை கிடைத்தது. முதல் உலகப் போர் நேரத்தில் லண்டன் லிஸ்டர் நிறுவனத்தில் ஹாரியட் சிக் என்ற பெண் விஞ்ஞானி, காய்ந்த பயறில் இல்லாத ஸ்கர்வி தடுக்கும் சத்து முளைத்த பயறில் உண்டாவதை நிறுவினார். அதுதான் வைட்டமின் சி. மெஷின் விற்பவர்கள் இன்றும் இதைச் சொல்லித்தான் விற்கிறார்கள். ஆனால் ஒன்றைச் சொல்ல மாட்டார்கள். வைட்டமின் சி நமக்குத்தான் வெளியிலிருந்து வரவேண்டும். கோழி அதைத் தன் உடம்பிலேயே செய்துகொள்ளும். பச்சையிலிருந்து கோழிக்குக் கிடைப்பது வேறு. வைட்டமின் ஏ-வாக மாறும் கரோட்டின், மஞ்சள் கருவுக்கு நிறம் தரும் சத்து, இவைதான். அதுவும் இலையில் வெளிச்சம் பட்டால்தான் நன்றாகச் சேரும். இருட்டில் வெளிறி வளர்ந்த முளையில் குறைவு.

பிறகு மீன் எண்ணெய் தீவனத்தில் சேர்ந்தது. அடுத்து வைட்டமின்கள் தொழிற்சாலையிலேயே தயாராயின. ஓட்ஸ் பெட்டிகள் பரணுக்குப் போயின. கோழி கூண்டுக்குள் போனது.

நம் ஊரிலும் அந்த மாற்றத்தை நான் கண்ணால் பார்த்தேன். 1982-இல் சத்துணவுத் திட்டம் வந்தது. 1989-இல் அதில் முட்டை சேர்ந்தது, முதலில் இரண்டு வாரத்துக்கு ஒன்று. 2010-இல் வாரம் ஐந்து நாளும் என்றானது. முட்டை போடும் நாளில் வருகைப் பதிவேடு நிறைந்துவிடும். என் பழைய மாணவர்கள் சிரிப்பீர்கள், உங்களுக்கும் தெரியும்! இத்தனை முட்டையை முற்றத்துக் கோழி போட முடியாது. நாமக்கல் பண்ணைகளால்தான் முடிந்தது. அதனால் பண்ணையை நான் குறை சொல்ல மாட்டேன். பிள்ளைகள் வயிற்றில் முட்டை போனது. ஆனால் கோழிக்குத் தீவனம் என்றால் கடையில் வாங்கும் மூட்டை என்ற எண்ணமும் அதோடு ஊருக்குள் வந்தது. அந்த மூட்டை விலை ஏறும்போதெல்லாம் "இதோ மாற்று வழி" என்று ஒருவர் கிளம்பி வருவார்.

மண்ணில்லாமல் பயிர் வளர்ப்பதற்கு 'ஹைட்ரோபோனிக்ஸ்' என்ற பெயர் 1937-இல் வந்தது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் கெரிக் என்ற பேராசிரியர் உப்புச்சத்து கரைத்த நீரில் ஆள் உயரத்துக்குமேல் தக்காளிச் செடி வளர்த்துக் காட்டினார். அதே 1930-களில் ஐரோப்பாவில் மாட்டுக்கு முளைத் தீவனம் வளர்க்கும் அலமாரிகளைக் கம்பெனிகள் விற்றன. 1939-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் இசபெல்லா லெய்ட்ச் என்ற அம்மையார், மாடு, பன்றி, கோழி என்று அதுவரை நடந்த சோதனைகளை எல்லாம் திரட்டி ஒரு ஆய்வு நூலே வெளியிட்டார். அதாவது, "இது லாபமா?" என்ற கேள்விக்கு 85 வயதுக்கு மேல் ஆகிறது!

இந்தியாவுக்கும் இது சீக்கிரமே வந்தது. 1946-இல் வங்கத்தின் மலை ஊரான காலிம்போங்கில் ஷோல்டோ டக்ளஸ் என்பவர், விலையுயர்ந்த கருவி இல்லாமல் சாதாரணத் தொட்டியில் மண்ணில்லா விவசாயம் செய்யும் முறையை ஆரம்பித்தார். 1951-இல் அது 'வங்க முறை' என்ற பெயரில் புத்தகமாக வந்தது. அது காய்கறிக்கு. மாட்டுத் தீவனத்துக்கு இந்த முறை பெரிதாகப் பேசப்பட்டது 2010-க்குப் பின்தான். தீவனம் போட நிலமில்லாத கோவாவில் மத்திய வேளாண் ஆராய்ச்சி மையம் பால் மாடுகளுக்காக மக்காச்சோளத்தை இப்படி வளர்த்துச் சோதித்தது. பிறகு நம் கால்நடைப் பல்கலைக்கழகமும் வேளாண் அறிவியல் நிலையங்களும் மூங்கிலும் நிழல்வலையும் வைத்துக் குறைந்த செலவில் செய்யச் சொல்லிக்கொடுத்தன.

சரி, இப்போது கணக்கு. நோட்டை எடுங்கள்.

ஒரு கிலோ மக்காச்சோளத்தில் சுமார் 120 கிராம் ஈரம். மீதி 880 கிராம் உலர்ந்த பொருள். சத்தெல்லாம் அதில்தான் இருக்கிறது. ஏழெட்டு நாளில் அது ஐந்தரைக் கிலோ பசுந்தீவனம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 100-க்கு 85 பங்கு நீர். மீதி 15 பங்கு எவ்வளவு? 825 கிராம். 880 போட்டோம், 825 எடுத்தோம். விதை மூச்சுவிட்டு வளரும்போது தன்னிடம் இருந்த மாவை எரித்துத்தான் வளர்கிறது. ஆகவே கொஞ்சம் குறையும், கூடாது. கூடியது குழாய்த் தண்ணீர்! 2003-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் மாட்டுத் தீவனம் பற்றி வந்த ஆய்வுத் தொகுப்பும் இந்த உலர்பொருள் இழப்பையும் செலவையும்தான் சுட்டிக்காட்டியது.

இன்னொரு கணக்கு. ஒரு கோழி நாளைக்குச் சுமார் 100 கிராம் காய்ந்த தீவனம் தின்னும். அதே உலர்பொருளை முளைத் தீவனத்தில் மட்டுமே கொடுப்பதானால் 600 கிராம் அளவுக்குத் தின்ன வேண்டும். ஒன்றரைக் கிலோ கோழி அரைக் கிலோவுக்கு மேல் புல்லைத் தின்னுமா? மாட்டுக்கு அசைபோடும் வயிறு, நார் செரிக்கும். கோழிக்கு அது கிடையாது. பாய் மாதிரிப் பின்னிய வேரையும் நீளத் தாளையும் விழுங்கினால் கழுத்தடியில் இரைப்பை அடைத்துக்கொள்ளும்.

ஆக, "தீவனச் செலவே இருக்காது" என்பது பொய். கோடையில் ஒரு கைப்பிடிப் பச்சைக்கு வழி என்றால் அது நிஜம். ஆயா செய்தது அந்த அளவுக்குத்தான்.

இப்போது என் தப்பு.

ஓய்வு பெற்றபின் விழுப்புரம் வீட்டில் பதினான்கு கோழி வளர்த்தேன். மாடிப்படிக்குக் கீழே ஆறு தட்டு அடுக்கி மக்காச்சோளம் முளைக்க வைத்தேன். பேரப்பிள்ளைகள் பார்த்து ஆசைப்படுவார்கள். நன்றாகத்தான் போனது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை. நம் மாவட்டம் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். எங்கள் தெருவில் கரண்ட் இல்லை, வெயில் இல்லை, வீடு முழுக்க ஈரம். மக்காச்சோள மூட்டையின் அடிப்பக்கம் நனைந்திருந்தது. வீணாக்க மனம் வரவில்லை. கழுவி முளைக்கப் போட்டேன். நாலாம் நாள் தட்டில் பஞ்சு மாதிரி வெள்ளைப் பூசணம், ஓரத்தில் பச்சை. மேலே இருந்ததைச் சுரண்டி எடுத்துவிட்டு மீதியைப் போட்டேன். "கோழிதானே, குப்பையே கிளறித் தின்கிறது" என்று நினைத்தேன்.

பத்து நாளில் ஏழு கோழி போயிற்று. வெள்ளைக்கழிச்சல் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அதற்குத் தடுப்பூசி போட்டிருந்தேன். கால்நடை மருத்துவர் செத்த ஒன்றை அறுத்து ஈரலைப் பார்த்தார். "என்னம்மா தீனி போட்டீங்க?" என்றார். தட்டைக் கொண்டுவந்து காட்டினேன். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. முப்பத்தைந்து வருடம் அறிவியல் பாடம் நடத்தியவள் நான். வெட்கமாக இருந்தது.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். 1960-இல் இங்கிலாந்தில் சில மாதங்களுக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. காரணம் தெரியாமல் 'வான்கோழி எக்ஸ் நோய்' என்றே பெயர் வைத்தார்கள். கடைசியில் பிரேசிலில் இருந்து வந்த வேர்க்கடலைப் புண்ணாக்கில் போய் நின்றது. அதில் வளர்ந்த ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சையின் நஞ்சு ஈரலைத் தின்றிருந்தது. பூஞ்சையின் பெயரில் இருந்தே அதற்கு அஃப்ளாடாக்சின் என்று பெயரிட்டார்கள்.

வேர்க்கடலை என்றதும் எனக்கு நம் ஊர் நினைவு வந்துவிட்டது. நம் பழைய தென்னாற்காடு வேர்க்கடலை பூமி. 1879-இல் விழுப்புரம்–புதுச்சேரி ரயில் பாதை திறந்தது. புதுச்சேரித் துறைமுகத்தில் இருந்து மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்கு நம் கடலை கப்பலேறியது. 1940-இல் வந்த டி.எம்.வி. 2 கடலை ரகத்தின் 'டி.எம்.வி.' திண்டிவனத்தைக் குறிப்பதுதான். கடலையும் புண்ணாக்கும் நம் மாட்டுக்கும் கோழிக்கும் தலைமுறை தலைமுறையாகத் தீனி. ஈரம் பட்டால் அதே கடலை என்ன ஆகும் என்று நம் வீட்டுப் பெண்களுக்கு நன்றாகத் தெரியும். கசந்த கடலையைத் துப்பச் சொல்வார்கள், பூசணம் பிடித்த புண்ணாக்கைக் கொட்டச் சொல்வார்கள்.

இது கோழியோடு நிற்கும் விஷயமும் இல்லை. 1974-இல் ராஜஸ்தான், குஜராத் எல்லையில் பான்ஸ்வாரா, பஞ்ச்மகால் பக்கத்துப் பழங்குடி கிராமங்களில், மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைத் தின்று 100-க்கும் மேற்பட்டவர்கள் ஈரல் நோயில் இறந்தார்கள். அதே வீடுகளில் அதைத் தின்ற நாய்களும் செத்தன. நனைந்த மக்காச்சோளத்தை அவர்கள் ஆசைப்பட்டா தின்றார்கள்? வேறு இல்லை, தின்றார்கள். எனக்கு வேறு இருந்தது. வீணாகிறதே என்ற கஞ்சத்தனத்தில் போட்டேன்.

மேலே இருக்கிற பூசணத்தைச் சுரண்டினால் போதாது. கண்ணுக்குத் தெரியாத அதன் நூல் உள்ளே ஓடியிருக்கும். சூடாக்கினாலும் அந்த நஞ்சு முழுசாகப் போகாது. ஆயா முகர்ந்து பார்த்துவிட்டு எருக்குழிக்கு அனுப்பியது இதற்காகத்தான்.

இனி, மயிலத்து மாணவிக்கு என் பதில்.

கண்ணு, மெஷினுக்காகக் கடன் வாங்காதே. உன் நாற்பது கோழிக்கு நாலு பழைய தாம்பாளமும் இரண்டு சுத்தமான கோணியும் போதும். புதுத் தானியமாக, உடையாததாகப் பார்த்து எடு. கம்பு, கேழ்வரகு, மக்காச்சோளம் எதுவானாலும் சரி. மருந்து கலந்து சிவப்பாய் நிறம் ஏற்றிய விதையைத் தொடாதே, அது விதைக்க மட்டும்தான். நம் வெள்ளைச் சோளத்தை முளைக்கப் போடாதே. இளஞ்சோளப் பயிரில் நஞ்சு உண்டு, மாடே மேய்ந்து விழுவதைப் பார்த்திருப்பாய். ஒரு இரவு ஊறவை, நீரை நன்றாக வடி, மெல்லியதாகப் பரப்பு, நீர் தெளி, தேங்க விடாதே. மூன்று நாலு நாளில் முளை விரலளவு நீண்டதும் கொடு. பாய் பின்ன விடாதே. ஒருநாளாவது வெளிச்சம் படட்டும். ஒவ்வொரு முறையும் தட்டைப் பிளீச்சிங் பவுடர் நீரில் கழுவி வெயிலில் காயவை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையே வேண்டாம். அப்போதுதான் வெளியில் பச்சை தாராளமாகக் கிடக்கிறதே.

இதை ஊறுகாய் மாதிரி ஒரு கைப்பிடி கொடு. சோறு வேறு. குருணை, தவிடு, கருவாட்டுத்தூள், முருங்கைக்கீரை, முடிந்தால் ஒரு அசோலாத் தொட்டி, ஆயாவின் கரையான் பானை. இன்னும் சந்தேகம் இருந்தால் திண்டிவனத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, விழுப்புரத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் மையம் இருக்கிறது. நேரில் போய்க் கேள். விற்க வந்தவரிடம் மட்டும் கேட்டு முடிவு செய்யாதே. அந்த ஒரு லட்சத்துக்கு வட்டி நீ கட்ட வேண்டும், அவர் கட்டமாட்டார்.

கொடுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு நாளும் கையில் எடுத்து முகர்ந்து பார். சந்தேகமாக இருந்தால் கொட்டிவிடு.

மிச்சமிருந்த என் ஏழு கோழியில் ஒன்று இப்போது அடைகாக்கிறது. பதினோரு முட்டை வைத்திருக்கிறேன். பொரித்ததும் படம் போடுகிறேன்.

உங்கள் வீட்டு ஆயா, பாட்டி, அத்தை கோடையில் கோழிக்கு என்ன போட்டார்கள் என்று கீழே எழுதுங்கள். தப்பாகச் செய்து கோழி செத்த கதை இருந்தாலும் கூச்சப்படாமல் எழுதுங்கள். டீச்சரே எழுதிவிட்டேனே, உங்களுக்கென்ன?

அன்புடன்,
உங்கள் பழைய டீச்சர்,
விழுப்புரம்.